சரிவு நிலத்தில் கல் தூக்க, மண் தள்ள: வீட்டுக்கு எந்தச் சிறிய டிராக்டர்?

ஓய்வாசிரியர் (பண்டாரவளை)

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் படிப்பித்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். நிலம் 240 பேர்ச், அதாவது ஒன்றரை ஏக்கர். மூன்று தட்டாக இறங்குகிறது. மேல்தட்டில் வீடு, நடுத்தட்டில் பேரிக்காயும் அவகாடோவும், கீழ்த்தட்டு முழுவதும் பற்றை. தட்டுகளுக்கு இடையிலுள்ள கல்கட்டு போன மாரியில் இரண்டு இடங்களில் சரிந்துவிட்டது. கற்கள் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டுவந்து கட்ட வேண்டும், நடுத்தட்டைச் சமப்படுத்த வேண்டும், விழுந்து கிடக்கும் இரண்டு யூகலிப்டஸ் மரங்களை அப்புறப்படுத்த வேண்டும். பிறகு பூந்தோட்டம் போடுவது மனைவியின் திட்டம்.

முன்பு இதற்கெல்லாம் நாலு பேரைக் கூப்பிட்டால் போதும். இப்போது ஆள் கிடைப்பதில்லை. கனடாவில் இருக்கும் மகன் தினமும் ஒரு படம் அனுப்புகிறான்: செம்மஞ்சள் நிறத்தில் குட்டி டிராக்டர், முன்னால் பக்கெட், பக்கெட்டில் ஒரு பாறை. "இருபத்தைந்து குதிரைவலு எடுங்கள் அப்பா, எல்லாவற்றையும் தூக்கும்" என்கிறான். உண்மையிலேயே தூக்குமா?

லேண்ட்மாஸ்டர் பக்தன் (ஹட்டன்)

ஐயா, இதற்கு ஏன் நாலு சக்கரம்? என்னிடம் லேண்ட்மாஸ்டர் ஒன்று, இரண்டு சக்கரக் கை டிராக்டர், பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. பின்னால் இழுவைப் பெட்டியைப் பூட்டினால் கல், மண், விறகு எல்லாம் போகும். உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். டீசல் குடிப்பது கோழி தண்ணீர் குடிப்பதுபோல. மிச்சக் காசில் ஆள் பிடியுங்கள்.

கராஜ் தம்பி (வெலிமடை)

அண்ணன், லேண்ட்மாஸ்டர் இழுக்கும், தூக்காது. சேர் கேட்டது தூக்குவதைப் பற்றி. பெட்டியில் கல்லை ஏற்றுவது யார்? அதே ஆள்தானே, அதே முதுகுதானே!

சேர், மகனிடம் சொல்லுங்கள்: குதிரைவலுவுக்கும் தூக்குவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தூக்குவது ஹைட்ரோலிக் அழுத்தமும் சிலிண்டரின் பருமனும். அப்படித் தூக்கியதைச் சுமந்து நிற்பது டிராக்டரின் எடை. குதிரைவலு தேவைப்படுவது மேட்டில் ஏறவும் மண் கிளறும் ரொட்டவேட்டர் சுற்றவும்தான். அதிலும் நம் உயரத்தில் கொஞ்சம் போய்விடும். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் இழக்கும் என்பது பழைய கணக்கு. பண்டாரவளை நாலாயிரம் அடி. 24 என்று எழுதியிருந்தால் 21 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: முன் லோடர், அதாவது பக்கெட்டைத் தூக்கும் கைகள், எவ்வளவு தூக்கும், பின் லிஃப்ட், அதாவது பின்னால் பூட்டும் கருவியைத் தூக்கும் கைகள், எவ்வளவு தூக்கும், அந்த அளவை எந்த இடத்தில் எடுத்தார்கள்? குபோட்டா பிஎக்ஸ்2380 உடன் வரும் லோடரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கெட் பூட்டும் ஊசி இருக்கும் இடத்தில், முழு உயரத்துக்கு, 335 கிலோ. பக்கெட்டின் சொந்த எடையைக் கழியுங்கள். கல் பக்கெட்டின் நுனியில் கிடந்தால் இன்னும் குறையும். மகன் அனுப்பிய படத்தில் இருக்கும் பாறை தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் எழும்பியிருக்கும், பாருங்கள்.

ஓய்வாசிரியர்

தம்பி சொன்னது சரி. ஒரு சாண்கூட இல்லை, நாலு விரல்!

கணக்கு வாத்தியார் அல்லவா, நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கற்களில் பெரும்பாலானவை ஓர் அடிக்கு ஓர் அடி. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அடி தடிப்பில் பத்துப் பதினைந்து. ஒன்று மட்டும் மாட்டுக்கன்று படுத்திருப்பதுபோலக் கிடக்கிறது, பாதி மண்ணுக்குள். இவற்றின் எடையை எப்படிக் கணிப்பது?

சரிவுமானி (பதுளை)

நம் மலைக்கல் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கனம். ஆகவே கன அடிக்கு 76 கிலோ என்று பெருக்குங்கள். ஓரடிக் கல் 76 கிலோ, இருவர் தூக்கலாம். உங்கள் நடுத்தரக் கல் மூன்று கன அடி, 230 கிலோ. பெரும்பாலும் சதுரமாக இருக்காது, எனவே 200 என்று வையுங்கள். கன்றுக்குட்டிக் கல் எட்டுக் கன அடி என்றால் 600 கிலோவுக்கு மேல். அதை எந்தக் குட்டி டிராக்டராலும் தூக்க நினைக்காதீர்கள்.

மண்ணும் இலேசு இல்லை. ஈரமண் கன அடிக்கு 45 முதல் 50 கிலோ வரும். ஒரு கியூப், அதாவது 100 கன அடி, நாலரை ஐந்து தொன். நடுத்தட்டைச் சமப்படுத்த எத்தனை கியூப் நகர வேண்டும் என்று பார்த்தீர்களா?

அதோடு, என் தொழிலில் தினமும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். சரிந்தது கல்கட்டு. ஏன் சரிந்தது என்று தெரியாமல் அதே கல்லை அதே இடத்தில் அடுக்கினால் அடுத்த மாரியில் திரும்பவும் கீழ்த்தட்டுக்குத்தான் வரும். சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கினால் எவ்வளவு பெரிய கல்லும் நிற்காது. சுவருக்குப் பின்னால் சல்லி போட்டு, சுவரில் தண்ணீர் வழிய ஓட்டைகள் விட்டு, மேல்தட்டில் கான் வெட்டித் திருப்பிவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. புதிதாகச் சுவர் கட்டுவதாக இருந்தாலும் சரிவை வெட்டுவதாக இருந்தாலும் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள். பதுளை மாவட்டத்தில் கட்டட அனுமதிக்கு அவர்களின் அறிக்கை எப்படியும் வேண்டியிருக்கும்.

அலவாங்கு (ஹப்புத்தளை)

எங்கள் தாத்தா காலத்தில் இந்த மலை முழுவதும் கல்கட்டு அலவாங்காலும் மம்பட்டியாலும் கட்டியது. எந்த ஜப்பான்காரனும் வந்து தூக்கித் தரவில்லை. இரண்டு அலவாங்கு, நாலு உருளைக்கட்டை, முக்காலி போட்டு ஒரு செயின் பிளாக். ஒரு தொன் கல்லையும் நகர்த்தலாம்.

பூந்தோட்டக்காரி (நுவரெலியா)

அலவாங்கு அண்ணன் சொல்வது உண்மை. உங்கள் தாத்தாவுக்கு ஐம்பது வயதில் முதுகு எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள்.

நான் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக என்னிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய நாலு சக்கர இயக்கச் சிறிய டிராக்டர் ஒன்று இருக்கிறது. அனுபவத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வாங்கியபோது முன் லோடர் இல்லை. ஒரு பட்டறையில் "செய்து தருகிறோம், கம்பெனி லோடரைவிடப் பலம்" என்றார்கள். பலமாகத்தான் செய்தார்கள். லோடரே ஏறக்குறைய 200 கிலோ. பூட்டிய முதல் வாரத்தில் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. மூன்றாம் மாதம் முன் அச்சின் எண்ணெய்ச் சீல் இரண்டு பக்கமும் ஒழுகியது. லோடர் முறியவே இல்லை, அது உண்மை. முறிந்தது அதைத் தாங்கியிருந்த டிராக்டர். முன் அச்சு எவ்வளவு எடை தாங்கும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

லோடரைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டு, பின் லிஃப்ட்டில் கருவி பூட்டும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு இரும்புத் தட்டு பூட்டிக்கொண்டேன். நாலடிக்கு மூன்றடி, சுற்றிவர ஒரு சாண் உயரத் தடுப்பு. பூச்சட்டி, உரமூட்டை, கல், எல்லாம் அதில்தான் போகின்றன. என்னுடைய வேலையில் பத்தில் எட்டு அதிலேயே முடிகிறது. தரைமட்டத்துக்கு இறக்கலாம், கல்லை உருட்டி ஏற்றலாம், லீவரை இழுத்தால் இரண்டடி எழும்பும். அதற்கு மேலே தூக்க முடியாது, லொறியில் ஏற்ற முடியாது. அதோடு நம் சிறிய டிராக்டர்களில் பின் லிஃப்ட் மேலே தூக்கும், கீழே அழுத்தாது. மண்ணை வெட்டி எடுக்க அதை நம்பாதீர்கள்.

கராஜ் தம்பி

அக்கா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை. பின் லிஃப்ட்டில் தூக்குவதானால் முன்னால் எடைக்கட்டி போடாமல் தூக்காதீர்கள். குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 இரண்டும் 24 குதிரைவலு வகை, இரண்டுக்கும் 750 கிலோ தூக்கும் என்றுதான் எழுதியிருக்கும். எழுதியிருப்பது ஹைட்ரோலிக்கின் பலம். இந்த வகை டிராக்டரே இலேசு என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் பட்டறைக்கு வெளியே ஒருவர் உருளைக்கிழங்கு மூட்டைகளை இரும்புத் தட்டில் அடுக்கிக்கொண்டு மேடேறினார். பாதி ஏற்றத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பின. ஒரு சாண் உயரம். டயரில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்து விழுவது தெரிகிறது, சக்கரம் காற்றில் சுற்றுகிறது. அவர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிறார், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. நல்லவேளை, லீவரைக் கீழே தள்ளிவிட்டார். தட்டு தரையில் உட்கார்ந்ததும் முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. அன்றைக்கே முன் எடைக்கட்டி நாலு வாங்கிப் போட்டார்.

லேண்ட்மாஸ்டர் பக்தன்

இதெல்லாம் நாலு சக்கரத்துக்குத்தான். லேண்ட்மாஸ்டர் ஒருநாளும் அப்படி எழும்பாது.

அலவாங்கு

பெட்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வலப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் உங்கள் லேண்ட்மாஸ்டர் எந்தப் பக்கம் திரும்பும் தம்பி?

லேண்ட்மாஸ்டர் பக்தன்

இடப்பக்கம். பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கிளச் விட்ட சக்கரம் சும்மா உருண்டு ஓடும், மற்றச் சக்கரத்தை எஞ்சின் பிடித்துவைத்திருக்கும். அது பழகியவனுக்குத் தெரியும். பழகாதவர் முதல் நாளே தேயிலைக்குள் இறங்குவார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐயாவின் வயதுக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஓய்வாசிரியர்

வயதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்!

இன்று வாசல் கதவை அளந்தேன். ஆறடி இரண்டு அங்குலம். வீட்டின் பக்கவாட்டில் கீழிறங்கும் பாதை ஐந்தரை அடி. நடுத்தட்டில் எட்டுக் கியூப் மண் நகர வேண்டும் போலத் தெரிகிறது. பாதையின் சரிவை மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன்: பத்தடி போனால் இரண்டேகால் அடி இறங்குகிறது. வாடகைக்குப் பெக்கோ, அந்தப் பெரிய மண் தோண்டும் இயந்திரம், எடுத்துவிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

சரிவுமானி

பெக்கோ ஏழெட்டடி அகலம், ஏழரை எட்டுத் தொன் எடை. வாசலிலேயே நின்றுவிடும். மதிலை உடைத்து உள்ளே விட்டாலும் சரிந்த கல்கட்டுக்குப் பக்கத்தில் எட்டுத் தொன்னை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். எந்த இயந்திரமானாலும் இதை நினைவில் வையுங்கள்: சுவர் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். உங்கள் சுவர் ஆறடி என்றால் ஆறடி உள்ளே.

உங்கள் பாதையின் சரிவு 12, 13 பாகை. நேராக ஏறி இறங்கலாம். குறுக்கே ஓட்டாதீர்கள். சிறிய டிராக்டர் பின்பக்கம் சாய்வது குறைவு, பக்கவாட்டில் சாய்வதுதான் அதிகம். மேட்டுப்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, பள்ளப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும்.

பூந்தோட்டக்காரி

சேர், எட்டுக் கியூப் என்றால் முப்பத்தைந்து நாற்பது தொன் மண். அதை ஒரு முறை செய்யப்போகிறீர்கள். ஒரு முறை செய்யும் வேலைக்கு வாடகை, ஆயுள் முழுவதும் செய்யும் வேலைக்குச் சொந்த வண்டி என்றுதான் நான் பிரித்திருக்கிறேன். மினி எக்ஸ்கவேட்டர் கேட்டுப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு தொன் வகை உங்கள் பாதையில் இறங்கும். கன்றுக்குட்டிக் கல்லைத் தோண்டி உருட்டும், மண்ணைச் சமப்படுத்தும், கான் வெட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் பிடியுங்கள். மழை தொடங்கிவிட்டால் உங்கள் பக்கத்துச் சிவப்பு மண் சவர்க்காரம்தான்.

அதன் பிறகு மிஞ்சும் வேலைக்குச் சிறிய டிராக்டர். அதற்கு லோடரே வேண்டாம் என்பது என் கட்சி.

கராஜ் தம்பி

நானும் அதே கட்சி. ஆனால் ஜப்பான் பழைய வண்டி வாங்குவதானால் நாலு விடயம் பாருங்கள் சேர்.

வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் வளைவுக்கம்பி தலைக்குப் பின்னால் இருக்கிறதா? பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் இல்லை. அங்கே அவை சமதரை வயலில் ஓடியவை. வளைவுக்கம்பி இருந்தால் இருக்கைப் பட்டி கட்டாயம் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டி போடக் கூடாது, ஏனென்றால் கவிழும்போது வண்டியோடு சேர்த்து உங்களையும் அமுக்கிவிடும். நான் சொல்வது, கம்பி இல்லாத வண்டியை மலையில் வாங்கவே வாங்காதீர்கள். பட்டறையில் குழாய் வளைத்து ஒட்டுவதும் வளைவுக்கம்பி ஆகாது.

இரண்டாவது, நாலு சக்கர இயக்கம். ஏறுவதற்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இறங்குவதற்குத்தான் அது முக்கியம். இந்த வண்டிகளில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. முன்பக்கம் பாரம் கூடிப் பின்பக்கம் இலேசானால் பிரேக் பிடித்தும் வழுக்கும். நாலு சக்கரமும் பூட்டியிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போடவே கூடாது.

டயர் விடயத்தில் மேடத்தோடு பேச்சு வார்த்தை நடத்துங்கள். ஆழமான பட்டை உள்ள உழவு டயர் சேற்றில் பிடிக்கும், புல்தரையைக் கிழித்துவிடும். புல்தரை டயர் புல்லைக் காக்கும், சேற்றில் வழுக்கும். மலையில் நான் உழவு டயர்தான் சொல்வேன். பின் டயர்களுக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் எடை கூடும், அதுவும் தாழ்வாகக் கூடும்.

கடைசியாகப் பத்திரம். 2020 இல் தொடங்கிய வாகன இறக்குமதித் தடைக் காலத்தில் பழைய வண்டிகள் பல கைகள் மாறியிருக்கின்றன. எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். வீதியில் ஏற்றுவதானால் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி வகுப்பு வேண்டும். லேண்ட்மாஸ்டருக்கு ஜி1.

அலவாங்கு

அந்த யூகலிப்டஸ் மரங்களை எப்படி இழுப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சங்கிலியை எங்கே கட்டுவீர்கள் சேர்?

ஓய்வாசிரியர்

மூன்று புள்ளி இணைப்பில் மேலே ஒரு கம்பி இருக்கிறதே, அதில் கட்டினால் மரத்தின் நுனியும் கொஞ்சம் தூக்கும் என்று நினைத்தேன்.

அலவாங்கு

அதற்காகத்தான் கேட்டேன். அங்கே கட்டாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு பிள்ளை அப்படிக் கட்டி வேரோடு ஒரு கட்டையை இழுத்தான். கட்டை அசையவில்லை, டிராக்டரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின் அச்சுக்கு மேலே எங்கே கட்டினாலும் அப்படித்தான். ஒன்றரை வினாடி போதும், கிளச்சை மிதிக்கக் கால் போவதற்குள் வண்டி மல்லாந்துவிடும். அவன் பக்கத்துப் பாத்திக்குள் தூக்கியெறியப்பட்டதால் பிழைத்தான். தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும் கட்டுங்கள். கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டுமானால் மினி எக்ஸ்கவேட்டர் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். அலவாங்குக்காரன் சொல்கிறேன், அந்த ஒரு வேலைக்கு இயந்திரம் நல்லது.

ஓய்வாசிரியர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மினி எக்ஸ்கவேட்டர் இரண்டரை நாள் நின்றது. பாதையில் இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளி. ஓட்டிய பையன் ஒரு பூச்சட்டியைக்கூடத் தட்டவில்லை. நடுத்தட்டு சமமாகிவிட்டது, மேலே கான் வெட்டியாயிற்று. சல்லி இரண்டு கியூப் வந்து வாசலில் கிடக்கிறது. மேசன் பாஸ் சுவரில் ஆறடிக்கு ஒரு குழாய் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

டிராக்டர் விற்கும் இடங்கள் மூன்றுக்குப் போனேன். ஓரிடத்தில் "750 கிலோ எங்கே அளந்தது, இணைப்புக் கையின் நுனியிலா, இரண்டடி பின்னாலா?" என்று கேட்டேன். விற்பனைப் பையன் உள்ளே போய் வேறொருவரைக் கூட்டிவந்தான். அவர் இன்னொருவரைத் தொலைபேசியில் பிடித்தார். நுனியில்தான் என்று கடைசியில் தெரிந்தது. அப்படியென்றால் நான் பூட்டும் இரும்புத் தட்டின் நடுவில் வைக்கும் கல்லுக்கு 500 என்றே கணக்கு வைக்கிறேன். என் கற்கள் 200.

வாங்கியது 24 குதிரைவலு, நாலு சக்கர இயக்கம், வளைவுக்கம்பி, உழவு டயர், முன்னால் எடைக்கட்டி. லோடர் இல்லை. வெலிமடையில் இரும்புத் தட்டு செய்து தந்தார்கள். கராஜ் தம்பி யார் என்று அங்கே கண்டுபிடித்துவிட்டேன், பெயரைச் சொல்ல மாட்டேன். மகனுக்குப் படம் அனுப்பினேன். "பக்கெட் எங்கே அப்பா?" என்று கேட்டான்.

பூந்தோட்டக்காரி

வாழ்த்துகள் சேர். மேடத்துக்கு ஹைட்ராஞ்சியா நாற்று என் கணக்கில் பத்து. கன்றுக்குட்டிக் கல் என்ன ஆயிற்று?

ஓய்வாசிரியர்

பையன் அதைத் தோண்டி உருட்டி நடுத்தட்டின் ஓரம்வரை கொண்டுவந்துவிட்டான். மனைவி வந்து பார்த்துவிட்டு, பேரிக்காய் மரத்தடியில் இருந்தால் உட்கார வசதியாக இருக்கும் என்கிறாள். மரம் இன்னும் பன்னிரண்டடி தள்ளி. இயந்திரம் போய்விட்டது. டிராக்டரால் தூக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன்.

அலவாங்கு

பன்னிரண்டடிதானே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு அலவாங்கும் கட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. லேண்ட்மாஸ்டர் தம்பியையும் கூட்டிவருகிறேன். தேநீர் போட்டு வையுங்கள்.